ஃப்ளேக்கி என்றால் பழுது அல்ல

மென்பொருள் வேலைக்குப் போகவிருக்கும் மாணவ மாணவியரே, வணக்கம். வேலையில் சேர்ந்த சில நாளிலேயே உங்களிடம் யாராவது சொல்வார்கள்: "அது ஃப்ளேக்கி டெஸ்ட்ப்பா, திரும்ப ரன் பண்ணு." டெஸ்ட் என்பது நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் சிறு நிரல். ஃப்ளேக்கி என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஃப்ளேக் என்றால் செதில், பொருக்கு. பேக்கரி பப்ஸின் மேல்தோல் கடித்ததும் உதிர்கிறதே, அதை ஃப்ளேக்கி என்றால் பாராட்டு. ஆளைச் சொன்னால் பாராட்டு இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கழன்றுகொள்பவர் ஃப்ளேக்கி. அவர் ஏமாற்றுக்காரர் என்று பொருளில்லை; நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்க முடியாது, அவ்வளவுதான். இது பேச்சு வழக்கு. அலுவலகக் கடிதத்தில் அன்ரிலையபிள் என்றே எழுதுங்கள்.

விட்டுவிட்டு வரும் வைஃபை ஃப்ளேக்கி. அடியோடு செத்துப்போன வைஃபை ஃப்ளேக்கி ஆகாது. இந்த வேறுபாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டெஸ்டில் உயிர்நாடியே இதுதான். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. காலையில் பாஸ், மாலையில் ஃபெயில். எப்போதும் ஃபெயில் ஆகும் டெஸ்டை அன்றைக்கே யாராவது சரிசெய்துவிடுவார்கள். இதை விட்டுவிடுவார்கள்.

கூகுள் 2016-இல் தன் கணக்கை வெளியிட்டது. அவர்களுடைய டெஸ்டுகளில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு ஓரளவாவது இந்தக் குணம் இருந்தது. அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு எண்: பாஸிலிருந்து ஃபெயிலுக்கு மாறியவற்றில் 84 சதவீதம் ஃப்ளேக்கி டெஸ்டுகள் சம்பந்தப்பட்டவை. அப்படியென்றால் திரையில் ஃபெயிலைக் காட்டும் சிவப்பைப் பார்த்ததும் "சும்மா காட்டுது" என்று நினைக்கப் பழகிவிடுவோம். நிஜமான பிழை அந்தப் பழக்கத்தின் வழியாகத்தான் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்கிறது.

காரணம் மர்மமானதும் இல்லை. அப்பாச்சி என்ற திறந்தமூல மென்பொருள் அமைப்பின் 51 திட்டங்களில் ஃப்ளேக்கி டெஸ்டுகளைச் சரிப்படுத்தச் செய்த 201 திருத்தங்களை 2014-இல் ஓர் ஆய்வு அலசியது. முதலிடம், பதில் வருவதற்குள் அவசரப்பட்டுச் சரிபார்ப்பது. சர்வருக்குக் கோரிக்கை அனுப்பிவிட்டு இரண்டு விநாடி ஸ்லீப், அதாவது சும்மா காத்திருக்கச் சொல்லும் கட்டளை, போடுகிறோம். இயந்திரத்தில் சுமை ஏறிய நாளில் பதில் வர மூன்று விநாடி ஆகிறது, டெஸ்ட் விழுகிறது. ஸ்லீப்பைப் பத்து விநாடியாக்குவது தீர்வாகாது. பதில் வந்துவிட்டதா என்று கேட்டுக் காத்திருக்கும்படி எழுதுங்கள். த்ரெட்கள், அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள், ஒன்றையொன்று முந்துவது, முந்தைய டெஸ்ட் விட்டுச்சென்ற தரவை நம்புவது ஆகியவையும் காரணங்களே.

ரீரன் பொத்தானை அழுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அழுத்துமுன் அந்த ஃபெயிலின் லாகை (ஓடியபோது நடந்தவற்றின் பதிவை) எடுத்துவைத்து, ஒருவர் பெயரில் டிக்கெட் (சரிசெய்ய வேண்டிய வேலைக்கான குறிப்பு) போட்டுவிடுங்கள்.