பெரியம்மா என்ற சொல்லிலிருந்து

(வவுனியாவில் ஆசிரிய மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புக்குரிய ஆசிரிய மாணவர்களே, வணக்கம்.

நீங்கள் சமூகக் கல்வி படிப்பிக்கப் போகிறவர்கள். உங்களுக்குச் சமூக மானிடவியலை அறிமுகம் செய்யச் சொன்னார்கள். வரைவிலக்கணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு கேள்வி. அம்மாவின் அக்காவை எப்படிக் கூப்பிடுவீர்கள்? பெரியம்மா. அப்பாவின் அக்காவை? மாமி.

இருவரும் பெற்றோரின் சகோதரிகள்தானே? ஒருவருக்கு மட்டும் ஏன் அம்மா என்ற சொல் சேர்கிறது? இன்னும் கொஞ்சம் போவோம். பெரியம்மாவின் மகன் உங்களுக்கு அண்ணன். மாமியின் மகன் மச்சான். அண்ணனைக் கட்ட முடியாது, மச்சானைக் கட்டலாம். இந்தக் கணக்கை உங்களுக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை. ஆனால் ஆறு வயதிலேயே யாரை எப்படிக் கூப்பிடுவது என்று பிழையில்லாமல் தெரிந்திருந்தது. யாரும் படிப்பிக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கிற இப்படியான ஒழுங்குகளைத் தேடிப் பிடிப்பதுதான் மானிடவியலாளரின் வேலை.

நம்முடைய இந்த உறவுச் சொற்களுக்கு அந்தத் துறையின் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் லூயிஸ் ஹென்றி மோர்கன் என்ற வழக்கறிஞர் இருந்தார். அயலில் வாழ்ந்த இரோகுவா பழங்குடி மக்கள் அம்மாவின் சகோதரியை அம்மா என்றும், அப்பாவின் சகோதரனை அப்பா என்றும் அழைப்பது அவருக்குப் புதினமாக இருந்தது. உலகம் முழுவதும் கேள்விக்கொத்துகளை அனுப்பி உறவுச் சொற்களைத் திரட்டினார். தமிழ்நாட்டில் வேலை செய்த அமெரிக்க மிஷனரிமார் வழியாகத் தமிழ்ச் சொற்களும் அவருக்குக் கிடைத்தன. சித்தப்பா, பெரியம்மா, மாமா, மச்சான் என்ற ஒழுங்கு இரோகுவா ஒழுங்கோடு பெருமளவு பொருந்தியது. 1871இல் வெளிவந்த அவருடைய பெரிய நூலில் தமிழ் முறைக்கு முக்கிய இடம் இருக்கிறது. இந்த ஒற்றுமையை வைத்து அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்று நிறுவ முயன்றார். அந்த வாதம் நிற்கவில்லை. உறவுச் சொற்களில் ஒற்றுமை இருப்பதால் மட்டும் ஒரே வம்சம் என்று ஆகிவிடாது. ஆனால் உறவுச் சொற்களுக்குள் ஒரு முறை இருக்கிறது என்று அவர் கண்டது நிலைத்துவிட்டது.

இன்றைக்கு நம் பிள்ளைகள் எல்லாரையும் 'அன்ரி' என்கிறார்கள். பெரியம்மாவும் அன்ரி, மாமியும் அன்ரி. இதைத் தமிழ் அழிகிறது என்று மேடையில் கண்டித்துவிட்டுப் போவது சுலபம். நான் உங்களிடம் கேட்பது வேறு. எந்த வீட்டில், யாரை, எப்போதிருந்து அன்ரி என்கிறார்கள்? சொந்தக்காரருக்கா, அயலவருக்கா? மச்சானைக் கட்டும் வழக்கம் குறைந்த வீடுகளில்தான் மாமி என்ற சொல்லும் தளர்கிறதா? இப்படிக் கேட்கத் தொடங்கினால் ஒரு தவணைக்கான பாடம் உங்கள் கையில் இருக்கும்.

வன்னி வகுப்பறை இதற்கு வாய்ப்பான இடம். ஒரே வாங்கிலில் பழைய வன்னிக் கிராமத்துப் பிள்ளை இருக்கும். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரின் பேரப்பிள்ளை இருக்கும். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை இருக்கும். செட்டிகுளம் பக்கத்து முஸ்லிம் பிள்ளையும் இருக்கும். ஒருவர் மாமி என்பதை இன்னொருவர் அத்தை என்பார். ஒருவருடைய சித்தி இன்னொருவருக்குச் சாச்சி. தயவுசெய்து எதையும் 'பிழை' என்று சிவப்பு மையில் வெட்டிவிடாதீர்கள். நாலு சொல்லையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு சொல்லைக் கேட்டுச் சிரித்த வகுப்பில் அந்தப் பிள்ளை பிறகு வாய் திறப்பதில்லை. நான் கண்டிருக்கிறேன்.

சரி, எப்படி ஆராய்வது? 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு கையேடு எழுதினார். வன்னி வரலாறு படிப்பவர் அதைத் தவிர்க்க முடியாது. ஆனாலும் அது ஆளவந்தவரின் பார்வை. அதற்கு இருபது வருடங்களுக்குப் பின், 1915 முதல் 1918 வரையான காலத்தில், புரொனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் நியூகினிக்குக் கிழக்கேயுள்ள துரோபிரியாந்துத் தீவுகளில் கூடாரம் போட்டுத் தங்கினார். அந்த மக்களின் மொழியைப் பழகி, அவர்களுடைய அன்றாடத்தைப் பார்த்து எழுதினார். கூட இருந்து பார்ப்பது என்ற முறை அவருக்குப் பிறகுதான் இந்தத் துறையின் அடையாளமானது.

கேட்கிற விதமும் முக்கியம். வாகனங்கள் நின்று கும்பிட்டுப் போகிற முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் ஏன் நிற்கிறீர்கள் என்று ஒரு சாரதியிடம் கேட்டால், "பிள்ளையார் காப்பாற்றுவார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நிற்காமல் போன நாள் ஏதும் உண்டா என்று கேளுங்கள். கச்சான் சரை கையில் இருக்க, அரை மணித்தியாலம் கதைப்பார்.

இனி, நம் வாசலிலேயே இருக்கிற குளத்துக்கு வருவோம். 1954இல் எட்மன்ட் லீச் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் வடமத்திய மாகாணத்தில் புல்எலிய என்ற சிங்களக் கிராமத்தில் தங்கியிருந்தார். ஒரு குளம், அதன் கீழ் வயல், சில குடும்பங்கள். நம் ஊர்தான், பேசும் மொழி மட்டும் வேறு. காணிக்கும் தண்ணீருக்கும் உரிய பங்கை அங்கே 'பங்குவ' என்கிறார்கள். சொல்லைக் கவனித்தீர்களா? அங்கே பழைய வயலில் ஒருவருடைய பங்கு ஒரே துண்டாக இருக்கவில்லை. வயலின் வெவ்வேறு பகுதிகளில் கீற்றுக் கீற்றாகக் கிடந்தது. தண்ணீர் குறைந்த வருடத்தில் நட்டம் ஒருவர் தலையில் மட்டும் விழாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு. 1961இல் வெளியான நூலில் லீச் சொன்ன முடிவு பலரை உலுக்கியது. உறவுமுறைதான் ஊரைக் கட்டி வைத்திருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் இலகுவில் மாற்ற முடியாதவை குளமும் வாய்க்காலும் வரம்பும்தான். மனிதர்கள் தங்கள் உறவை அவற்றுக்கு ஏற்ப வளைத்துக்கொள்கிறார்கள் என்றார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எங்களுடைய சிறுபோகக் (கோடைகால நெற்செய்கை) கூட்டங்களில் இருந்து பாருங்கள். குளத்தின் எந்தத் துருசை (மதகை) எப்போது திறப்பது, யாருக்கு எத்தனை ஏக்கர் என்ற பேச்சுக்குள் கொண்டு கொடுத்த சனம் ஒரு பக்கம் சாய்வதைக் காண்பீர்கள். தண்ணீரும் உறவும் ஒன்றை ஒன்று இழுக்கின்றன.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் உங்களை வகுப்புக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

மானிடவியலில் உறவுப் படம் வரைவார்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. மீள்குடியேறிய புதிதில், முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அந்தப் படம் வரையச் சொன்னேன். ஒரு சிறுமி பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள்: "சேர், அப்பாவுக்குக் கோடு போடவா, விடவா?" போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு தகப்பனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எனக்குப் பதில் வரவில்லை. எல்லாரையும் கொப்பியை மூடச் சொன்னேன். அந்தப் பயிற்சியைக் கொடுத்தது முதல் பிழை, மூடச் சொன்னது அதைவிடப் பெரிய பிழை. அவள் கேள்வி அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது.

அடுத்த கிழமை அவளே வந்தாள். அம்மாவிடம் கேட்டாளாம். கோடு போடாதே என்றாராம். அந்த வீட்டில் திவசம் கொடுப்பதில்லை. தாய் பொட்டு வைக்கிறார். ஊரில் சிலர் மங்கல காரியங்களுக்கு அவரை அழைக்கிறார்கள், சிலர் தயங்குகிறார்கள். மனைவியா விதவையா என்று சமூகம் முடிவு சொல்லாத ஓர் இடத்தில் அவர் இருக்கிறார். அவரைப் போன்ற எத்தனையோ தாய்மாரும் மனைவிமாரும் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எங்கே என்று பதில் கேட்டுத் தெருவோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். என் முக்கோணமும் வட்டமும் அந்த வாழ்க்கைக்குப் போதவில்லை.

ஆகவே வன்னியில் உறவுமுறை படிப்பிக்கும்போது பிள்ளையின் சொந்தக் குடும்பத்திலிருந்து தொடங்க வேண்டாம். உறவுச் சொற்களிலிருந்து தொடங்குங்கள், குளத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டுக் கதையைப் பிள்ளை தானாகக் கொண்டுவந்தால் இருந்து கேளுங்கள். கொப்பியை மூடச் சொல்லாதீர்கள்.

ஒன்றரை மணிக்குப் பாவற்குளத்துக்கு பஸ் வரும். கமக்கார அமைப்பின் பெரியவர்கள் இருவர் குளக்கட்டில் நமக்காகக் காத்திருப்பார்கள். குறிப்புப் புத்தகம் கொண்டு வாருங்கள். முதல் அரை மணித்தியாலம் ஒருவரும் எழுத வேண்டாம், போன் பையிலேயே இருக்கட்டும். அவர்கள் முதலில் உங்களிடம்தான் கேட்பார்கள்: "பிள்ளை எவ்விடம், ஆரின்ரை ஆள்?" அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு, பிறகு நீங்கள் கேட்கத் தொடங்குங்கள்.