ஒரு வாய்க் கடல்நீர்

வணக்கம் நேயர்களே.

கடலில் குளிக்கும்போது அலை முகத்தில் அடித்து, ஒரு வாய் உப்புநீரை விழுங்காதவர் யார்? இருமித் துப்பிவிட்டு, அப்புறம் மறந்தும்விடுவோம். அந்த ஒரு வாய்த் தண்ணீரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் மருந்தில் ஒரு பங்கு உடலில் சிதையாமல் அப்படியே வெளியேறுகிறது. அந்த மருந்துக்குத் தப்பிப் பிழைத்த குடல் பாக்டீரியாவும் கூடவே போகிறது. வீடு, மருத்துவமனை, கால்நடைப் பண்ணை என எல்லா இடத்துக் கழிவும் சாக்கடையிலும் ஆற்றிலும் கலந்து கடலுக்கு வருகிறது. வழியில் இன்னொன்றும் நடக்கிறது. மருந்தைத் தாக்குப்பிடிக்கும் மரபணு, பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருந்தால், ஒரு பாக்டீரியா அதை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

சரி, இது மனிதர்களிடம் வந்து சேருகிறதா? பிரிட்டனில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகம் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. அலைச்சறுக்கு விளையாடுபவர்களின் குடலையும் மற்றவர்களின் குடலையும் ஒப்பிட்டார்கள். செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, சறுக்குபவர்களில் 9 விழுக்காட்டினரிடம் இருந்தது. மற்றவர்களில் 3 விழுக்காடுதான். சில நூறு பேரை மட்டும் பார்த்த ஆய்வுதான். ஆனாலும் என்னால் அதை ஒதுக்கிவிட முடியவில்லை.

ஏனென்றால், இதைச் சுமப்பவருக்குக் காய்ச்சல்கூட வராது. பின்னொரு நாள் சிறுநீர்த் தொற்றோ அறுவை சிகிச்சையோ வரும்போது, மருத்துவர் கொடுக்கும் மருந்து வேலை செய்யாமல் போகலாம். இந்தக் கிருமி எங்கே தொற்றியது என்று அப்போது யாருக்கு நினைவிருக்கும்?

கடற்கரை நீரை வழக்கமாகச் சோதிக்கும்போது ஈ.கோலை, என்டரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். அவற்றில் எத்தனை மருந்துக்கு அடங்காதவை என்று அந்தச் சோதனை சொல்வதில்லை. இதுதான் எனக்கு உறுத்துகிறது. கழிவுநீரைச் சுத்திகரித்து விட்டால் இந்தக் கிருமிகள் பெருமளவு குறையும். அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

கடலுக்கே போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வெயிலும் உப்பும் கழிவுநீர்க் கிருமிகளை மெல்ல மெல்லக் கொல்கின்றன. அதற்கு அவகாசம் கொடுங்கள். பெருமழையில் சாக்கடை நிரம்பி வழிந்தால் ஓரிரு நாள் பொறுத்து இறங்குங்கள். கழிவுநீர்க் குழாயின் வாய் இருக்கும் இடத்தை விட்டு விலகிக் குளியுங்கள். ஆறாத புண் இருந்தால் கரையிலேயே இருங்கள். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் தண்ணீர் விழுங்குவார்கள். அவர்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

நன்றி, வணக்கம்.