சாமியே குடியிருந்த சத்துவாச்சாரி

நடுவர் ஐயா அவர்களே, இரு அணிகளிலும் வீற்றிருக்கும் பேச்சாளர்களே, தொலைக்காட்சித் தொடரைப் பாதியில் விட்டுவிட்டுப் பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும், வேலூரின் புறநகராம் சத்துவாச்சாரியின் மக்களே, அனைவருக்கும் வணக்கம். நடுவரின் வலக்கை மணிக்கு மிக அருகில் இருப்பதால் வணக்கத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

இரண்டு சிறு குழந்தைகளை வளர்ப்பதற்கு ஏற்றது நகரின் நடுவே உள்ள கூட்டுக் குடும்பமா, புறநகரின் தனிக்குடித்தனமா என்பது தலைப்பு. புறநகரே என்று பேசும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மகன் நான்கு வயது முடிந்து அங்கன்வாடிக்குப் போகிறான். ஆகவே இந்தத் தலைப்புக்கென்று தனியாகத் தயாரிக்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை. தயாரிக்க நேரமும் கிடைக்கவில்லை.

எனக்கு முன்பு பேசிய எதிரணி அண்ணன் பெரிய கைத்தட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அவர் என்ன சொன்னார்? வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. "இந்தப் பட்டியலில் தாத்தா பாட்டி இல்லாத வீடு என்பதையும் இனிமேல் சேர்த்துக்கொள்ளுங்கள், அதைப் பார்க்க வேண்டுமானால் சத்துவாச்சாரிக்கு வாருங்கள்" என்றார். அந்தச் சொலவடையில் பெண்களின் அழகைப் பற்றியும் ஒன்று உண்டு. அதை மட்டும் அண்ணன் மறந்துவிட்டார். கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறார் அல்லவா, இரவு வீட்டுக்குள் நுழையும்போது அண்ணி, தங்கை, அம்மா என்று எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்! அவருடைய முன்யோசனையை நான் பாராட்டுகிறேன்.

முதலில் கோட்டை. கூட்டுக் குடும்பமே பிள்ளைகளுக்குக் கோட்டை என்று அண்ணன் முழங்கினார். ராஜா இல்லாத கோட்டை என்று யார் சொன்னது? 1799-இல் திப்பு சுல்தான் மறைந்த பிறகு அவருடைய பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்தது இந்தக் கோட்டையில்தான். கண்டியின் கடைசி மன்னரைக் குடும்பத்தோடு சிறைவைத்ததும் இங்கேதான். 1832-இல் அவர் இங்கேயே இறந்தும் போனார். ராஜாக்கள் இருந்தார்கள் ஐயா, வெளியே போகத்தான் அனுமதி இல்லை. இதைவிடப் பொருத்தமாகக் கூட்டுக் குடும்பத்தை என்னால் வருணிக்க முடியாது.

அப்படி ஒரே மதிலுக்குள் எல்லோரையும் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் அதே கோட்டை காட்டியது. அந்தச் சிப்பாய்க் கலகத்துக்கு உடனடிக் காரணம் என்ன? தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும், நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று மேலிடம் உத்தரவு போட்டது. அடுத்தவர் தலையில் என்ன இருக்க வேண்டும் என்பதை மேலிடம் தீர்மானித்தது, கீழிடம் கொதித்தது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, நகருக்குள் கொசப்பேட்டையில் உள்ள எங்கள் பெரிய வீட்டில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். தலைக்கு நல்லெண்ணெயா தேங்காயெண்ணெயா, மொட்டை இப்போதா ஒரு வயதிலா, உச்சிக்குழியை மூடிவைப்பதா காற்றாட விடுவதா என்று ஒவ்வொரு நாளும் ஓர் உத்தரவு வரும். பெரியம்மா ஒருவர் கம்பளிக் குல்லாவை மாட்டிவிட்டுப் போவார். சித்தி ஒருவர் கழற்றிவிட்டுப் போவார். குழந்தை அழுதால் இருவரும் என்னைப் பார்ப்பார்கள். வேலூரில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும் கத்திரி வெயிலில் கம்பளிக் குல்லா! சிப்பாய்களுக்காவது கையில் துப்பாக்கி இருந்தது.

அடுத்து, சாமி இல்லாத கோயில். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் பல நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாமல் இருந்தது உண்மை. ஆனால் 1981-இல் லிங்கத்தை மீண்டும் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அண்ணனுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அது போகட்டும். 1981-இல் அந்த லிங்கத்தை எங்கேயிருந்து கொண்டுபோனார்கள்? எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து! நகருக்குள் இருப்பது சரிப்படாது என்று ஆனபோது, பாதுகாப்பாகக் குடியிருக்கச் சாமிக்கே கிடைத்த இடம் இந்தப் புறநகர். "திரும்பிப் போய்விட்டாரே" என்று அண்ணன் அங்கிருந்து சைகை காட்டுகிறார். போகட்டுமே. எங்கள் பிள்ளைகளும் வளர்ந்து ஆளான பிறகு கோட்டைக்கோ கோபுரத்துக்கோ போகட்டும், நாங்கள் கதவைப் பிடித்துக்கொண்டா நிற்கப்போகிறோம்?

தண்ணீர் இல்லாத ஆறு என்பதை 2021 நவம்பரில் பாலாற்றுப் பாலத்தின் மேல் நின்று அண்ணன் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கலாம். வெள்ளம் போட்ட இரைச்சலில் அவர் பேச்சு அவருக்கே கேட்டிருக்காது. மரம் இல்லாத மலை வனத்துறையின் பொறுப்பு. அதில் நான் தலையிட விரும்பவில்லை.

பெரிய மருத்துவமனை நகருக்குள்தானே இருக்கிறது, நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலில் தொடங்கிய மருத்துவமனை அது. இன்று அதன் மருத்துவக் கல்லூரி ஊரைத் தாண்டிப் பாகாயத்தில் இருக்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையோரத்தில் புதிதாக ஒரு வளாகமே கட்டிவிட்டார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் இதே சத்துவாச்சாரியில்தான் இருக்கிறது. மருத்துவரும் ஆட்சியரும் ஊருக்கு வெளியே வரலாம், இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள் மட்டும் வரக்கூடாதா? பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடப்பது கடினம் என்றும் அண்ணன் சொன்னார். அது உண்மைதான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

இனி அந்தத் தாத்தா பாட்டி இல்லாத வீட்டுக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு மார்கழியில் என் மகளுக்கு முன்பல் விழுந்தது. உடனே கொசப்பேட்டையில் இருக்கும் அத்தைக்குத் தொலைபேசியில் தகவல் போனது; என் மாமியாரைத்தான் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு அவர் ஆயா. பல்லைச் சாணத்தில் உருட்டிக் கூரையில் எறிய வேண்டும், அப்போதுதான் புதுப்பல் முளைக்கும் என்று அத்தை முறையைச் சொன்னார். மகள் அப்படியே செய்தாள். தம்பி பக்கத்தில் நின்று வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். சில வாரங்களில் அக்காவுக்கு வெள்ளை வெளேரென்று புதுப்பல் எட்டிப் பார்த்தது. அவனைப் பொறுத்தவரை ஆயா சொன்ன முறை மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொருள்கள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் உடைந்த மெழுகு வண்ணக்குச்சி போனது. அடுத்து டி.வி. ரிமோட் போனது. கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது என்று அவனுடைய அப்பா ஒருநாள் அலுத்துக்கொண்டார். மறுநாள் அந்தக் கண்ணாடியும் போனது. மொட்டை மாடிக்கு வற்றல் காயப்போடப் போனவள் பார்த்தால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எல்லாம் காய்ந்த சாணத்தோடு வரிசையாகக் கிடக்கின்றன. புதிது முளைப்பதற்காகக் காத்திருக்கின்றன.

அந்தச் சமயத்தில் பொங்கல் வந்தது. அத்தையும் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாட்டுப் பொங்கலன்று எல்லோரும் திண்ணையில் அமர்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தோம். அத்தை மட்டும் கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, "எனக்கும் நல்ல பல்லு இருந்தா ஒரு முழுக் கரும்பு தின்னுவேன்" என்று பெருமூச்சு விட்டார். அருகில் இருந்தவன் கேட்டுக்கொண்டான். பிற்பகல் அத்தை கண்ணயர்ந்தார். அவருடைய பல்செட்டு எவர்சில்வர் டம்ளரில், தண்ணீரில் இருந்தது. வாசலில் கோலத்தின் நடுவே பூசணிப்பூ செருகி வைத்த சாணம் இருந்தது. மாட்டுப் பொங்கலன்று சாணத்துக்கா பஞ்சம்?

ஐயா சிரிக்கிறீர்கள். நான் இன்னும் முடிக்கவில்லை. அவன் பல்செட்டை வெறுமனே எறிந்திருந்தால் பரவாயில்லை. முறை தவறாத பிள்ளை அவன். மேல் வரிசையைத் தனியாக உருட்டினான், கீழ் வரிசையைத் தனியாக உருட்டினான். மேல் வரிசை எங்கள் மொட்டை மாடியில் பத்திரமாக ரிமோட்டுக்கு அருகில் போய் அமர்ந்தது. கீழ் வரிசைக்கு வீச்சு கூடிவிட்டது. அது தெருவையே தாண்டி, எதிர்வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தின் தகரக் கூரையில் போய் விழுந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். முகவரி தவறி வந்ததை உரியவரிடம் சேர்ப்பதையே வாழ்நாள் முழுவதும் தொழிலாகச் செய்தவர். சத்தம் கேட்டு வெளியே வந்து, ஏணியைச் சாய்த்து, மேலே ஏறி, அதை எடுத்துப் பார்த்துவிட்டு, கூரையில் நின்றபடியே தெருவைப் பார்த்து, "கீழ் வரிசை யாருடையது?" என்று உரக்கக் கேட்டார்.

அவ்வளவுதான். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த பால்கார அம்மா ஓடிவந்தார். காலி மனையில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் மட்டையோடு ஓடிவந்தார்கள். மாலைக்குள் கதை தெருக்கோடி மளிகைக் கடையை அடைந்தபோது பல் தங்கப்பல் ஆகியிருந்தது; மறுநாள் சர்வீஸ் ரோடு தேநீர்க் கடையில் அதைக் குரங்கு தூக்கிக்கொண்டு போயிருந்தது; பள்ளி திறந்த அன்று வேன் ஓட்டுநர் என்னிடம், "பாட்டியம்மாவுக்குத் தாடையில அடி ஒண்ணும் இல்லையே?" என்று கவலையோடு விசாரித்தார். இதே கீழ் வரிசை கொசப்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய அடுத்த வீட்டின் மேல் விழுந்திருந்தால், பொதுச்சுவர் யாருடையது என்ற பழைய வழக்கை அல்லவா தோண்டி எடுத்திருப்பார்கள்!

"ஆக, ஆயா வந்ததால்தானே உன் வீட்டுக்கே கதை கிடைத்தது" என்று அண்ணன் அங்கே துள்ளுகிறார். துள்ளட்டும். மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, இன்னும் இரண்டே நிமிடம் தாருங்கள்.

அத்தை விழித்து எழுந்தார். நான் பயந்துபோய், "ஏன்டா இப்படிச் செய்தாய்?" என்று கையை ஓங்கிவிட்டேன். அவன் அழவில்லை. "ஆயாவுக்குப் புதுப்பல் முளைக்கும். அப்புறம் கரும்பு தின்னும்" என்றான். எங்கள் அத்தை பல்செட்டு இல்லாத நேரத்தில் வாயைத் திறக்கவே மாட்டார். பேசினாலும் முந்தானையால் மறைத்துக்கொண்டுதான் பேசுவார். அன்று முந்தானை மடியிலேயே கிடந்தது. ஈறு தெரிய, கண்ணில் நீர் வர, தோள் குலுங்கச் சிரித்தார். என் மகள் கரும்பைச் சிறு சிறு துண்டாக நறுக்கி, இஞ்சி நசுக்கும் சின்ன உரலில் இடித்து, சாற்றைப் பிழிந்து ஒரு டம்ளரில் கொண்டுவந்து ஆயாவின் கையில் கொடுத்தாள்.

நடுவர் ஐயா, மாமா காலமான பிறகு கொசப்பேட்டை வீட்டில் பதினோரு பேருக்கு நடுவில்தான் அத்தை இருந்தார். யாரும் கெட்டவர்கள் அல்லர். ஆயா சாப்பிட்டாரா என்று பெரியவர் கேட்டிருப்பார் என்று சின்னவர் நினைப்பார். சின்னவர் வீட்டில் கேட்டிருப்பார்கள் என்று பெரியவர் நினைப்பார். இரவு பத்து மணிக்கு அத்தை தானாகப் போய் மிச்சம் இருந்த ரசத்தை ஊற்றிக்கொள்வார். இதை அவர் ஒரு குறையாக யாரிடமும் சொன்னதில்லை; கரும்புச் சாற்றைக் குடித்துக்கொண்டே என் மகளிடம் ஒரு கதைபோலச் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அத்தை டவுன் பஸ் ஏறி இங்கே வருகிறார். பேருந்து நிறுத்தத்தில் என் பிள்ளைகள் இருவரும் காத்துக்கொண்டிருப்பார்கள். பையில் இருக்கும் முறுக்குக்காக அல்ல. முறுக்கை நிறுத்தத்திலேயே எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாலும், அவர் இறங்கி நடக்கும்போது ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஞாயிறு மாலை அவர் கிளம்பும்போது மகன் அவருடைய செருப்பில் ஒன்றை எடுத்து ஒளித்துவைப்பான். எங்கே என்று அவருக்கும் தெரியும். தெரியாததுபோல் வீடு முழுவதும் தேடுவார்.

இதில் புறநகருக்கு என்ன வாதம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இப்போது வாதம் நினைவில் இல்லை ஐயா. அத்தை இதோ மூன்றாவது வரிசையில், இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் அமர்ந்திருக்கிறார். இன்று ஞாயிற்றுக்கிழமை. தீர்ப்பு எந்த அணிக்கு வந்தாலும் எனக்குச் சம்மதமே. கொசப்பேட்டைக்குப் போகும் கடைசிப் பேருந்து போன பிறகு மட்டும் அதைச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.