அரை மணி நேரம் கழித்து வருகிறார் கொலம்போ

அவையோருக்கு வணக்கம்.

போன மாதம் இங்கே, கொலம்போ என்ற துப்பறியும் போலீஸ்காரர் வரும் 'ப்ரிஸ்கிரிப்ஷன்: மர்டர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் படத்தைத் திரையிட்டோம். முடிந்து விளக்கைப் போட்டதும் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். கொலம்போ தொடரைக் கரைத்துக் குடித்தவர்கள் ஒரு பக்கம், அந்தப் பெயரையே முதல்முறை கேட்பவர்கள் இன்னொரு பக்கம். வேடிக்கை என்னவென்றால், புதியவர்களுக்குப் படம் பிடித்திருந்தது. குறை சொன்னவர்கள் எல்லாரும் ரசிகர்கள். "இது நம்ம கொலம்போவே இல்லையே சார்" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு மேடை ஏறியிருக்கிறேன்.

அவர் பார்த்தது சரிதான். நமக்குப் பழகிய கொலம்போவுக்குக் கசங்கிய கோட்டு, கலைந்த தலை, எந்த நேரமும் நின்றுவிடுமோ என்று தோன்றும் ஒரு பியூஜோ கார், சோம்பேறி நாய் எல்லாம் உண்டு. 1968ல் வந்த இந்தப் படத்தில் காரும் இல்லை, நாயும் இல்லை. கார் 1971ல்தான் வருகிறது, நாய் 1972ல். தலைமுடி வெட்டிப் படிய வாரியிருக்கிறது. மழைக்கோட்டு இருக்கிறது, ஆனால் இன்னும் உடம்போடு ஒட்டவில்லை. கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக்குக்கு அப்போது 40 வயது. குரலில் ஒரு விறைப்பு, நடையில் ஒரு அவசரம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தைத் தொடரின் முதல் பகுதியாக வைத்து எடை போடுகிறோம். எடுத்தவர்கள் அப்படி எடுக்கவில்லை. இது அப்போது ஒரு தனிப் படம். 1968 பிப்ரவரி 20 அன்று என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது, அவ்வளவுதான். தொடர் வந்தது மூன்று வருடம் கழித்து. அதனால், பின்னால் வந்த கொலம்போவைக் கையில் வைத்துக்கொண்டு இவரை அளப்பது இவருக்குச் செய்யும் அநியாயம்.

இவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால் கதை இன்னும் சுவாரஸ்யம். ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்று இரண்டு பேர். பிலடெல்பியாவில் பள்ளிக்கூட நாளிலேயே சேர்ந்து எழுத ஆரம்பித்தவர்கள். 1960ல் ஒரு மணி நேரத் தொலைக்காட்சி நாடகம் ஒன்று எழுதினார்கள். அதில் கொலம்போவாக நடித்தவர் பெர்ட் ஃப்ரீட். அதையே விரித்து 1962ல் மேடை நாடகமாக்கினார்கள். கொலைகாரன் வேடத்தில் ஜோசப் காட்டன், கொலம்போவாகத் தாமஸ் மிட்செல் என்ற முதிய நடிகர். நாடகத்தின் நாயகன் கொலைகாரன்தான். போலீஸ்காரர் துணைப் பாத்திரம். ஆனால் ஜனங்கள் என்ன செய்தார்கள்? போலீஸ்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதியவர்களே எதிர்பார்க்காத திருப்பம் அது. பார்வையாளர் கருத்து என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, கொலம்போ விஷயத்தில் அது 1968க்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது. மிட்செல் 1962லேயே காலமானார். படம் எடுக்கும்போது நடிகர் லீ ஜே. காப், பாடகர் பிங் கிராஸ்பி என்று பெரிய பெயர்களை யோசித்திருக்கிறார்கள். அது கைகூடவில்லை, ஃபாக் உள்ளே வந்தார். கிராஸ்பி ஒத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, குறைகளுக்கு வருவோம். முதல் குறை, ஹீரோ அரை மணி நேரம் வரவே இல்லை என்பது. அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது? டாக்டர் ரே ஃப்ளெமிங் என்ற பணக்கார மனநல மருத்துவர். ஜீன் பாரி நடித்திருக்கிறார். தன்னிடம் சிகிச்சைக்கு வரும் ஜோன் என்ற நடிகையோடு அவருக்குத் தொடர்பு. விஷயம் மனைவி கேரலுக்குத் தெரிந்துவிடுகிறது. உன் பெயரை நாறடித்துவிடுவேன் என்கிறாள். மெக்சிகோவின் அகாபுல்கோவுக்குப் போய்விட்டு வரலாம் என்று இனிக்க இனிக்கப் பேசி அவளைச் சமாதானப்படுத்துகிறார். பிறகு கழுத்தை நெரிக்கிறார். திருடன் புகுந்ததுபோல் கண்ணாடியை உடைத்து வைக்கிறார். ஜோன், கேரலின் உடையும் பொய்முடியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அவரோடு விமானம் ஏறுகிறாள். புறப்படுவதற்குள் எல்லார் முன்னாலும் சண்டை பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விடுகிறாள். பார்த்தவர்கள் கணக்கில் மனைவி உயிரோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கணவன் ஆகாயத்தில் இருக்கிறான். இன்றைய விமான நிலையத்தில் இதில் பாதிகூட நடக்காது. நம் இளைஞர்கள் அந்த இடத்தில் சிரித்ததைக் கவனித்தேன். அது காலத்தின் குற்றம், கதையின் குற்றம் இல்லை.

அந்த அரை மணி நேரத்தை நான் ஒரு நொடிகூட வெட்டமாட்டேன். கொலை செய்தது யார் என்று கடைசிவரை மறைத்து வைக்கும் கதை இது இல்லை. யார் என்பது நமக்குத் தெரியும். எப்படி மாட்டுவான் என்பதுதான் கேள்வி. அதற்கு அந்தத் திட்டம் எவ்வளவு கச்சிதம் என்று நம் கண்ணால் பார்த்தாக வேண்டும். ஃப்ளெமிங் ஒரு பொத்தானைக்கூடத் தவறாகப் போடாத ஆள் என்று நம்பிய பிறகுதான் கொலம்போ வர வேண்டும்.

அவர் வரும் விதத்தைப் பாருங்கள். ஃப்ளெமிங் ஊரிலிருந்து திரும்புகிறார். கதவைத் திறக்கிறார், பெட்டியைக் கீழே வைக்கிறார். உள்ளேயிருந்து ஒரு குட்டையான மனிதர் வந்து நிற்கிறார். கேரல் இன்னும் சாகவில்லை, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள் என்று சொல்கிறார். ஃப்ளெமிங்கோடு சேர்ந்து நமக்கும் ஒரு கணம் மூச்சு நிற்கிறது. ஆனால் அந்தக் காட்சியின் முக்கியமான தடயம் அது இல்லை. அதை அப்போது யாரும் கவனிப்பதே இல்லை. வெகு நேரம் கழித்துக் கொலம்போ தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: வீட்டுக்குள் வந்தீர்கள், கதவைச் சாத்தினீர்கள், ஏன் மனைவியைக் கூப்பிடவில்லை? கல்யாணம் ஆனவர்கள் யோசித்துப் பாருங்கள். வெளியூர் போய்த் திரும்புகிறவன் செருப்பைக் கழற்றும்போதே ஒரு குரல் கொடுப்பான். சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தோம், அதனால் கூப்பிடவில்லை என்று ஃப்ளெமிங் பதில் வைத்திருக்கிறார். பதில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நமக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆள் இனி விடமாட்டார். ஊருக்குப் போகும்போது இருந்த பெட்டியின் எடை திரும்பும்போது குறைந்திருந்தது என்று இன்னொரு தடயமும் வருகிறது. புத்திசாலித்தனமானதுதான், ஆனால் அது கணக்கு. கூப்பிடாத குரல் இருக்கிறதே, அது மனுஷனைப் படித்துக் கண்டுபிடித்தது.

படம் நாடகம் மாதிரி இருக்கிறது, பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது இரண்டாவது குறை. நாடகமாக இருந்ததுதானே, வேறெப்படி இருக்கும்? அப்படிப் பேசுவதால்தான் ஃப்ளெமிங்கின் அறைக் காட்சி நமக்குக் கிடைத்தது. இரண்டு பேரும் கையில் கோப்பையோடு உட்கார்ந்து, யாரோ ஒரு கொலைகாரனைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறார்கள். மருத்துவர் போலீஸ்காரரின் மனத்தைப் பிரித்து மேய்கிறார்: நீர் போடுவது வேஷம், உம் தோற்றத்தைப் பார்த்து எதிராளி ஏமாறட்டும் என்று அதையே ஆயுதமாக்கிக்கொண்டீர் என்கிறார். அதாவது, பின்னால் பல வருடங்கள் ரசிகர்கள் உட்கார்ந்து அலசப்போகிற விஷயத்தை முதல் படத்திலேயே கொலைகாரன் வாயால் சொல்ல வைத்துவிட்டார்கள். கொலம்போ அசரவில்லை. கொலைகாரன் கெட்டிக்காரன்தான், ஆனால் அவனுக்கு இது ஒரே ஒரு தடவை. எங்களுக்கு இதுதான் தொழில், வருடத்துக்கு நூறு தடவை செய்கிறோம் என்கிறார். பெருமையே இல்லாமல், விலைவாசி பேசுவதுபோல் சொல்கிறார்.

இப்போது பெரியவரின் உண்மையான மனத்தாங்கலுக்கு வருகிறேன். அவரை உறுத்தியது தலைமுடியோ காரோ இல்லை. ஜோனிடம் கொலம்போ கத்துகிறாரே, அந்தக் காட்சி. ஃப்ளெமிங்கை அசைக்க முடியாது என்று தெரிந்ததும் பலவீனமான இடத்தைப் பார்த்து அடிக்கிறார். படப்பிடிப்புத் தளத்துக்கே போய் அந்தப் பெண்ணை நெருக்குகிறார். உன்னை விடமாட்டேன், நீ உடையும் வரை பின்னாலேயே வருவேன் என்ற தொனி. குரல் உயர்கிறது, அவள் அழுகிறாள். தொடரில் ஒரு கொலைகாரியிடம்கூட இப்படிக் கத்தாதவர் இங்கே கத்துகிறார். பல பேருக்கு அது பிடிக்கவில்லை.

எனக்குப் படத்திலேயே மிகப் பெரிய காட்சி அதுதான். பிற்காலக் கொலம்போவின் பணிவை, "என் மனைவி சொல்வாள்" என்று ஆரம்பிக்கும் வளவளப் பேச்சை, வாசல்வரை போய்த் திரும்பி வந்து கேட்கும் அந்தக் கடைசிக் கேள்வியை நாம் ஏன் ரசிக்கிறோம்? உள்ளே வேறொரு ஆள் இருக்கிறார் என்று நமக்குச் சந்தேகம் இருப்பதால். அந்த வேறொரு ஆள் முகத்தைக் காட்டியது இந்தக் காட்சியில். இதைப் பார்த்துவிட்டுத் தொடரைப் பாருங்கள், அவர் குனிந்து குழைந்து மன்னிப்புக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு அடிவயிறு கொஞ்சம் கலங்கும். பிறகு அந்தக் கடுமையை எழுத்தாளர்கள் குறைத்தார்கள், ஃபாக்கும் குறைத்தார். தொடருக்கு அது நல்லது. அடிக்கடி வீட்டுக்கு வரும் விருந்தாளி அதட்டிக்கொண்டே இருக்க முடியாது. ஆனால் குறைக்க வேண்டுமென்றால் முதலில் அது இருந்தாக வேண்டும்.

முடிவைப் பற்றி மட்டும் நானும் குறைகாரர்கள் கட்சி. ஜோன் தற்கொலை செய்துகொண்டதாக நீச்சல் குளத்தருகே ஒரு நாடகம் ஆடி, அவளை எப்படியும் கழற்றிவிட்டிருப்பேன் என்று ஃப்ளெமிங்கைச் சொல்ல வைக்கிறார்கள். அவள் மறைவில் நின்று கேட்டுவிட்டு முன்னால் வருகிறாள். பார்க்கும்போது நெஞ்சைப் பிடிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் கையில் என்ன இருக்கிறது? கூட்டுச் சதியில் இருந்த ஒரு பெண்ணின் சாட்சியம்தான். மனைவியைக் கூப்பிடாததைக் கண்டுபிடித்த மூளைக்கு, இந்தப் பொறி கொஞ்சம் மலிவு. அதோடு ஃப்ளெமிங் போன்ற எச்சரிக்கைக்காரன் ஒரு போலீஸ்காரரிடம் அவ்வளவு தாராளமாக வாயைத் திறப்பானா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இதைவிட நேர்த்தியான பொறி அடுத்த படத்தில் இருக்கிறது. தொடர் வேண்டும் என்று முடிவானபோது என்பிசி இன்னொரு பைலட், அதாவது தொடருக்கு முன்னோட்டமான ஒரு படம், கேட்டது. 1971 மார்ச் 1 அன்று 'ரான்சம் ஃபார் எ டெட் மேன்' வந்தது. லீ கிராண்ட் அதில் கணவனைக் கொன்றுவிட்டு ஆள்கடத்தல் நாடகம் ஆடும் வழக்கறிஞர். சொந்த விமானம் ஓட்டுகிறவர். கொலம்போவை அதில் ஏற்றிக்கொண்டு போகும்போது ஃபாக்கின் முகத்தைப் பாருங்கள். இடைப்பட்ட மூன்று வருடத்தில் தலைமுடி எவ்வளவு கலைந்திருக்கிறது, குரல் எவ்வளவு தணிந்திருக்கிறது என்று தெரியும். அதைத்தான் இந்த மாதக் கடைசி சனிக்கிழமை திரையிடுகிறோம். முன்வரிசைப் பெரியவருக்கு அங்கேயே ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். படம் முடிந்ததும் முதலில் அவர்தான் பேச வேண்டும்.

நன்றி, வணக்கம்.