கோப்பையோடு விடைபெற்ற சுரபாயா அணி

போன பேச்சில் இந்தோனேசியக் கூடைப்பந்தைத் தொட்டபோது, சுரபாயா நகரத்து சிஎல்எஸ் நைட்ஸ் அணி 2019இல் கோப்பையை வென்ற கையோடு மூடப்பட்டதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “ஐயா, தோற்றவர்கள் கடையைச் சாத்துவது புரிகிறது. கோப்பையை ஜெயித்த கையோடு யாராவது சாத்துவார்களா?” நாலு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. அதனால் இன்றைக்கு வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

முதலில் பெயரைப் பார்ப்போம். சிஎல்எஸ் என்றால் சஹாயா லெஸ்தாரி சுரபாயா. இந்தோனேசிய மொழியில் சஹாயா என்றால் ஒளி, லெஸ்தாரி என்றால் அழியாதது. அந்தச் சஹாயா எங்கிருந்து போனது தெரியுமா? சமஸ்கிருதத்துச் சாயாவிலிருந்துதான். நாம் சாயை என்றால் நிழல் என்கிறோம். அதே சொல் கடல் தாண்டிப் போய் வெளிச்சமாகிவிட்டது. இந்த மாதிரி சொல் கிடைத்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சங்கம் தொடங்கியது 1946இல். 1945 நவம்பரில் அந்த ஊரில் பிரிட்டிஷ் படையோடு பெரும் சண்டை நடந்தது. நகரமே நொறுங்கிப் போயிருந்தது. அதற்கு அடுத்த வருஷம் சிலர் கூடிப் பந்து விளையாட ஒரு சங்கம் வைக்கிறார்கள்! இந்தோனேசியாவில் கூடைப்பந்தை முதலில் வளர்த்தது பெரும்பாலும் சீன வம்சாவளியினரின் பள்ளிகளும் சங்கங்களும்தான். நாட்டின் கூடைப்பந்து சம்மேளனமான பெர்பாசி வந்ததே 1951இல்தான். அதாவது சம்மேளனத்தைவிட இந்தச் சங்கம் மூத்தது.

நான் எப்போதும் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்: சங்கம் வேறு, அணி வேறு. ஊர்க்காரர்கள் கூடி நடத்துவது சங்கம். சம்பளம் கொடுத்து, லீகில் இறக்குவது அணி. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

2016இல் இவர்கள் இந்தோனேசியாவின் ஐபிஎல் பட்டம் வென்றார்கள். கிரிக்கெட் ஐபிஎல் என்று நினைத்துவிடாதீர்கள், இது இந்தோனேசியன் பாஸ்கெட்பால் லீக். ஜகார்த்தாவின் பெலித்தா ஜாயாவை இறுதித் தொடரில் 2-1 என்று வீழ்த்தினார்கள். அடுத்த வருஷமே சிக்கல் வந்துவிட்டது. லீகில் ஆட வேண்டுமானால் ஒவ்வொரு கிளப்பும் ‘பேத்தே’ ஆக, அதாவது நம் ஊர்க் கணக்கில் லிமிடெட் கம்பெனியாக, பதிவு செய்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். இவர்களோ சங்கம். எழுபது வருஷச் சங்கத்தைக் கம்பெனியாக்குவதா என்ற இழுபறியில் லீகிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். லீக் கேட்டதிலும் நியாயம் உண்டு, வரவு செலவுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டுமே. ஆனாலும் என் மனசு சங்கத்தின் பக்கம்தான்.

அப்புறம் போய்ச் சேர்ந்த இடம் ஆசியான் லீக், பல ஆசிய நாட்டு அணிகள் மோதிய கூடைப்பந்துப் போட்டி. முதல் சீசனில் தடுமாறிப் பட்டியலில் கீழே கிடந்தார்கள். இரண்டாவது சீசனில் அமெரிக்கப் பயிற்சியாளர் பிரையன் ரௌசம் தலைமையில் இறுதி வரைக்கும் வந்துவிட்டார்கள். எதிரே சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ். தொடர் 2-2 என்று நிற்கிறது. ஐந்தாவது ஆட்டம் 2019 மே மாதம் சிங்கப்பூரிலேயே.

அந்த ஆட்டத்தின் பதிவை ஒரு ராத்திரி உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். முடிவு தெரிந்திருந்தும் உள்ளங்கை வேர்த்தது. என் கண் முழுக்க வோங் வெய் லாங் மேல்தான். சிங்கப்பூர்க்காரர், ஸ்லிங்கர்ஸுக்காக வருஷக்கணக்கில் ஆடியவர். அந்த சீசனில்தான் சுரபாயா அணிக்கு வந்திருந்தார். சொந்த ஊரில், சொந்த ஜனங்களுக்கு முன்னால், பழைய அணிக்கு எதிராக நிற்கிறார். இன்னொருவர் மாரியோ வூய்சாங், நாற்பது வயதை எட்டியவர். 2012இல் இந்தோனேசியா வாரியர்ஸ் என்ற வேறோர் அணி இதே கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். கடைசியில் சுரபாயா ஜெயித்தது, 84-81. மூன்றே புள்ளி! தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் ஒரே ஒரு நீள வீச்சின் வித்தியாசம்.

அதோடு சரி. அடுத்த சீசனில் அவர்கள் பெயர் பட்டியலில் இல்லை. தொழில்முறை அணி முடிந்துவிட்டது. இன்னொன்றும் கேளுங்கள்: அதே 2019இல் உள்நாட்டு லீகை வென்ற ஸ்தாபாக் ஜகார்த்தாவும் அடுத்த சீசனில் ஆடவில்லை. ஒரே வருஷத்து இரண்டு சாம்பியன்களும் காணோம்.

நேயர் கேட்டதற்கு என் பதில் இதுதான். வெற்றி என்பது செலவை அடைக்கும் வருமானம் இல்லை. சுரபாயாவிலிருந்து மணிலா, தைவான், மக்காவ் என்று ஓர் அணியே பறந்து பறந்து ஆட வேண்டும். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். உள்ளூர் அரங்கத்து டிக்கெட் காசு அதற்கு எந்த மூலைக்கு?

ஆனால் நேயர் என்னிடம் ‘ஏன் மூடினார்கள்’ என்று கேட்காமல், ‘எது மூடியது’ என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். மூடியது அணி மட்டும்தான். கெர்த்தஜாயா பகுதியில் சிஎல்எஸ் பெயரிலேயே ஓர் அரங்கம் இருக்கிறது, ‘கோர்’ என்பார்கள். 2016 அணியும் 2019 அணியும் சொந்த மண் என்று ஆடியது அந்தத் தரையில்தான். அரங்கம் அங்கேயேதான் இருக்கிறது, வாசலில் பழைய பெயரோடு.