ஜூன் கன்றும் பங்குனி ஆமையும்

நடுவர் அவர்களே, கடலூர்ப் பெருமக்களே, வணக்கம். ‘பள்ளிப் பிள்ளைகள் சுற்றுச்சூழல் வேலையில் இறங்குவது ஊருக்குப் பலனா, போட்டோவுக்கு மட்டுமா?’ இதுதான் தலைப்பு. ஊருக்குப் பலனே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் ஒரு கன்றின் கதை சொன்னார். ஜூன் 5ஆம் தேதி நாற்பது பிள்ளைகள், ஒரு வேப்பங்கன்று, ஒரு பேனர். ஜூலையில் போய்ப் பார்த்தால் வெறும் குச்சி நின்றதாம். எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், உண்மைதானே! ஆனால் அண்ணே, அந்தக் கன்றைக் கொன்றது யார்? நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். கத்திரி ஓய்ந்தும் ஓயாத சூட்டில் கன்று நடச் சொன்னது ஏழாம் வகுப்புப் பிள்ளையா? தேதி குறித்தது நாம், பேனர் அடித்தது நாம், பழி மட்டும் பிள்ளைக்கா?

போட்டோவுக்கு நிற்காத ஒரு வேலையைச் சொல்கிறேன். தை பிறந்தால் நம் கரைக்குப் பங்குனி ஆமை முட்டையிட வரும். போன வருஷம் பள்ளியிலிருந்து வனத்துறை ஆட்களோடு விடியற்காலை நடக்கப் போன கூட்டத்தில் என் மகளும் இருந்தாள். துணைக்கு நானும் போனேன், தூக்கக் கலக்கத்தோடு. டார்ச்சை மூடச் சொல்லிவிட்டார்கள். ஈர மணலில் டிராக்டர் போன தடம் மாதிரி ஒரு தடம். அது முடிகிற இடத்தில் மெல்லத் தோண்டினால், வாய் குறுகி அடி அகன்ற குழி, குடம் கணக்காக. உள்ளே நூற்றுக்கும் மேலே முட்டைகள், பிங்பாங் பந்து அளவில். ஓடு தோல் மாதிரி இருக்கும், லேசாக அமுங்கும். சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். புரட்டக் கூடாது, குலுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கரு செத்துவிடும். வலை கட்டிய இடத்தில் அதே ஒன்றரை அடி ஆழத்தில் திரும்பப் புதைத்தார்கள். வீட்டில் ஒரு டம்ளரை உடைக்காமல் கழுவத் தெரியாத பெண், துணிப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள்!

அப்புறம் 45 நாளிலிருந்து 60 நாள் வரை காத்திருக்க வேண்டும். அங்கே செல்ஃபி எடுக்க என்ன இருக்கிறது? வெறும் மணல். தினமும் நாட்காட்டியில் கோடு போட்டாள். மணல் சூடு கூடினால் பெட்டை, குறைந்தால் கடுவன் பிறக்கும் என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

பரீட்சை கெடும் என்றார் எதிரணி அக்கா. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளை அந்த மாதங்களில் எழுப்பாதீர்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆறு முதல் ஒன்பது வரை போதுமே.

இன்றைக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எதுவும் 2004 டிசம்பர் 26 அன்று பிறந்திருக்கவில்லை. அன்றைய சுனாமியில் தேவனாம்பட்டினம் பட்ட பாடு அவர்களுக்குக் கதைதான். பிச்சாவரத்தில் சதுப்புக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் அடி குறைவு என்று நாம் சொன்னால் ‘உம்’ கொட்டுவார்கள். சுரபுன்னைக் காய் மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போலத் தொங்குவதைப் பார்த்து, ஒன்றை முழங்கால் சேற்றில் நின்று ஊன்றிய பிள்ளை ‘உம்’ கொட்டாது, கேள்வி கேட்கும்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், முடித்துக்கொள்கிறேன். ஆமைக்குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்து நகரும். கடல் பக்கம் இருட்டி, ஊர்ப் பக்கம் விளக்கெரிந்தால் ரோட்டுக்கு ஏறிவிடும். குஞ்சு பொரிக்கிற வாரம் என் மகளும் அவள் தோழிகளும் கரையோர வீடுகளுக்குப் போய், ராத்திரியில் வாசல் விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் திட்டி அனுப்பிவிட்டார்கள். மற்ற வீடுகளில் அணைத்தார்கள். நானோ நீங்களோ போய்க் கேட்டிருந்தால் அணைத்திருப்பார்களா, நடுவர் அவர்களே?