பணப்பை யார் கையில்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கிராமத்து வீடுகள் தூய எரிசக்திக்கு மாறுவதைத் தீர்மானிப்பது பணமா, சமூகமா என்னும் இந்தப் பட்டிமன்றத்தில், சமூகமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், மானியம் கொடுத்தால் போதும், விறகடுப்பு தானாக அணைந்துவிடும் என்றார். கையில் காசில்லாதவரால் வாங்க முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வசதி இருந்தும் வாங்காத வீட்டுக்கும், வாங்கிய அடுப்பை மூலையில் வைத்துவிட்டு விறகையே மூட்டும் வீட்டுக்கும் அவர் தரும் விளக்கம் என்ன?

வங்கதேசக் கிராமங்களில் கிராண்ட் மில்லர், முஷ்ஃபிக் மொபாரக் என்னும் பொருளியலாளர்கள், புகையையோ விறகுச் செலவையோ குறைக்கும் மேம்பட்ட அடுப்புகளைச் சிலருக்கு இலவசமாகவும் சிலருக்குச் சிறு விலைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இலவசம் என்றபோது, அன்றாடம் புகையில் நிற்கும் பெண்கள் ஆண்களைவிட மிகுதியாகப் புகைபோக்கி அடுப்பை நாடினார்கள். சிறு விலை வைத்ததுமே அந்த வேறுபாடு மறைந்துபோனது. விலைதானே தடை என்று எதிரணி இப்போது கைதட்டக்கூடும், சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன். விலை எவ்வளவு சிறியதானாலும், அதைக் கொடுக்க வேண்டிய பணப்பை யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அங்கே எழுந்துவிடுகிறது. சமைப்பவர் ஒருவர், செலவை முடிவு செய்பவர் வேறொருவர் என்பது பொருளாதாரம் அல்ல, குடும்பத்துக்குள் நிலவும் அதிகாரம்.

அதே ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கட்டுரை இன்னொன்றையும் காட்டுகிறது. ஊரில் மதிப்புள்ளவர்கள் அடுப்பை ஏற்றார்கள் என்ற செய்தியைவிட, வேண்டாம் என்றார்கள் என்ற செய்திதான் மற்றவர்களை வலுவாகப் பாதித்தது. தலையசைப்புக்கு இல்லாத வலிமை உதட்டுப் பிதுக்கலுக்கு இருக்கிறது!

கூரைமேல் பதித்த சோலார் பலகை தெருவில் போகிறவர் கண்ணிலெல்லாம் படுகிறது. அடுப்போ உள்ளறையில் இருக்கிறது. ஆகவே அடுப்பைப் பற்றிய தீர்ப்பு, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறதா, பெரிய பானை ஆடாமல் நிற்கிறதா, சுவை மாறுகிறதா என்று பெண்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் பேச்சில்தான் உருவாகிறது. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020இல் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. அந்த எண்ணைச் சுவரொட்டியில் அச்சிடுவது எளிது. ஆனால் நான்கு மாதம் சமைத்துப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண் சொல்வதை நம்புவதுபோல் சுவரொட்டியை யார் நம்புகிறார்கள்?

கடைசியாக ஒன்று. ஓர் ஊரில் முதலில் பதித்த சோலார் பலகையின் மின்கலம் பழுதாகி, சரிசெய்ய ஆள் வராமல் மாதக்கணக்கில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "அவர்கள் வீட்டில் எரிகிறதா என்று முதலில் பாருங்கள்" என்ற பேச்சு அந்த ஊரில் எழுந்தபின், மானியத்தை இருமடங்காக்கினால் எத்தனை வீடுகள் வாங்க வரும்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு விடை சொல்லட்டும். வாய்ப்பளித்த நடுவருக்கு நன்றி கூறி அமர்கிறேன்.